நாய்களும் குளூட்டனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குப் பேதி நிற்கவில்லை, காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, கோதுமையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள், நிறுத்தலாமா? கால்நடை மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் என்னிடம் வருபவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் கேட்டவற்றை அவர்களுடைய வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. குளூட்டன் என்றால் என்ன? எதிலெல்லாம் இருக்கிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதங்களின் தொகுதிக்குத்தான் குளூட்டன் என்று பெயர். கோதுமையில் இது கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு பகுதிகளாக இருக்கிறது. மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அறுபடாமல் இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இவைதான். மைதா, ரவை, கோதுமைத் தவிடு, முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் எல்லாவற்றிலும் குளூட்டன் உண்டு. அரிசி, மக்காச்சோளம், சோளம், சிறுதானியங்கள், கினோவா, உருளைக்கிழங்கு, பருப்பு வகைகள் ஆகியவற்றில் இல்லை.

நாய் உணவில் கோதுமை சேர்ப்பதற்கு மாவுச்சத்து மட்டும் காரணமல்ல. உலர் உணவின் உருண்டைகள் உதிராமல் இருக்க அது உதவுகிறது. டின்னில் குழம்போடு வரும் உணவில் இறைச்சித் துண்டுகள் போலத் தெரிபவற்றில் பலவும் கோதுமைக் குளூட்டன் சேர்த்து உருவம் கொடுத்தவை. அதனால் இறைச்சி உணவுதானே என்று நம்பிவிட முடியாது.

2. நாய் ஓநாயின் வாரிசுதானே? தானியமே அதற்கு ஆகாது என்கிறார்களே?

இது சரியல்ல. 2013-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுவின் நகல்கள் ஓநாய்களிடம் இரண்டுதான் இருந்தன. நாய்களிடமோ நான்கு முதல் முப்பது வரை இருந்தன. மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு, மனிதர் உண்டதில் மிஞ்சியதைத் தின்று வாழும்படி நாயின் உடல் மாறியிருக்கிறது. நன்றாக வேகவைத்த தானியத்தை ஆரோக்கியமான நாய் எளிதாகச் செரித்துவிடும்.

எனவே எல்லா நாய்களுக்கும் குளூட்டன் கெடுதல் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. சில நாய்களுக்கு அது உண்மையிலேயே தீங்கு செய்கிறது. உங்கள் நாய் அந்தச் சிலவற்றில் ஒன்றா என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

3. ஒவ்வாமை, ஒத்துக்கொள்ளாமை, சீலியாக் நோய் எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு. ஒவ்வாமையில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் உணவிலுள்ள ஒரு புரதத்தைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. கோதுமை ஒவ்வாமை உள்ள நாய்க்குப் பெரும்பாலும் தோலில்தான் தொல்லை தெரியும். காரணமான புரதம் குளூட்டனாகவும் இருக்கலாம், கோதுமையின் வேறு புரதமாகவும் இருக்கலாம். ஒத்துக்கொள்ளாமை என்பது எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு இல்லாமல் செரிமானத்தில் மட்டும் வரும் கோளாறு. வயிறு பொருமும், காற்றுப் பிரியும், மலம் இளகும்.

சீலியாக் என்பது மனிதர்களுக்கு வரும் நோய். குளூட்டன் உள்ளே போனதும் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே சேதப்படுத்துகிறது. நாய்களில் இதற்கு மிக நெருக்கமாக இருப்பது ஐரிஷ் செட்டர் இனத்தின் குடல்நோய் (கேள்வி 6). பேச்சுவழக்கில் மூன்றையும் சேர்த்து அலர்ஜி என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவரிடம் பேசும்போது பெயரை விட்டுவிட்டு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். அதுவே அவருக்கு அதிகம் உதவும்.

4. எத்தனை நாய்களுக்கு இது வருகிறது?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. தோல் தொடர்பான உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் தகவல்களை 2016-இல் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருள்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும் காரணமாக இருந்தன. கோதுமைக்கு நான்காவது இடம், 13 சதவீதம். இது எல்லா நாய்களிலும் 13 சதவீதம் என்று பொருள்படாது. உணவு ஒவ்வாமை இருப்பதாக ஏற்கெனவே உறுதியானவற்றுள் மட்டும் 13 சதவீதம்.

கோதுமையை நிறுத்திவிட்டு அதே கோழி உணவைத் தொடர்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்கவேண்டும்.

5. என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

குடலில் என்றால்: மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது விட்டுவிட்டு வரும் பேதி, வாந்தி, வயிற்றில் இரைச்சல், நாளுக்குப் பலமுறை மலம் கழித்தல், நன்றாகத் தின்றும் எடை கூடாமை. தோலில் என்றால்: பருவம் மாறினாலும் மாறாத அரிப்பு, பாதங்களை நக்கிநக்கி முடி செம்பழுப்பாகிப் போவது, திரும்பத் திரும்ப வரும் காதுப் புண், அக்குளிலும் தொடையிடுக்கிலும் சிவப்பு.

இவற்றில் எதுவும் குளூட்டனுக்கு மட்டுமே உரிய அடையாளம் அல்ல. தெள்ளுப்பூச்சி, குடற்புழு, தூசி ஒவ்வாமை, கோழி ஒவ்வாமை எல்லாவற்றிலும் இதே அறிகுறிகள்தான். அறிகுறியை வைத்து மட்டும் யாராலும் குளூட்டன்தான் என்று சொல்ல முடியாது, அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது.

6. எந்த இன நாய்களுக்கு அதிகம் வரும்?

உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று ஐரிஷ் செட்டர். இந்த இனத்தின் சில குடும்பங்களில் குளூட்டனால் வரும் குடல்நோயை 1980-களில் பிரிட்டனில் விவரித்தார்கள். குட்டி வளரும் பருவத்திலேயே, பெரும்பாலும் முதல் வயதுக்குள், எடை ஏறாமல் நின்றுபோகும். பேதி தொடரும். சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகிவிடும். குளூட்டனை முழுவதுமாக நிறுத்தினால் அவை மீண்டும் வளர்கின்றன, திரும்பக் கொடுத்தால் மறுபடி தேய்கின்றன. இரண்டு பெற்றோரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் வெளிப்படும்.

இன்னொன்று பார்டர் டெரியர். அதற்குத் தனிக் கேள்வியே அடுத்து வருகிறது. வேறு இன நாய்க்கும், கலப்பின நாய்க்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் இந்த இரண்டு இனங்களில்தான் ஆய்வுகள் தெளிவாக இருக்கின்றன.

7. என் பார்டர் டெரியர் திடீரென்று விறைத்து நடுங்குகிறது, ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இது வலிப்பா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் இருக்கும் பயம் எனக்குத் தெரியும், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாய் படுக்கையிலிருந்து எழும். இரண்டடி வைத்ததும் ஒரு பின்னங்கால் மடங்கி வயிற்றை ஒட்டி இழுத்துக்கொள்ளும். முதுகு வில்லாக வளையும், தலை லேசாக ஆடும், நிற்க முயன்று சாயும். பெயர் சொல்லி அழைத்தால் கண் உங்கள் பக்கம் திரும்பும். சில நாய்கள் அந்த நிலையிலும் உங்களை நோக்கித் தவழ்ந்து வரப் பார்க்கும். சில நிமிடங்களில் முடியலாம், சில நேரம் மணிக்கணக்கில் நீளலாம். முடிந்ததும் எதுவும் நடக்காததுபோல் வாலாட்டும்.

பெரிய வலிப்பில் நாய்க்கு நினைவு தப்பும். பலசமயம் எச்சில் வழியும், சிறுநீர் கழியும், முடிந்தபின் குழப்பமாகத் திரியும். இங்கே நினைவு தப்புவதில்லை என்பதே பெரிய வேறுபாடு. இந்த நோயை முன்பு ஸ்பைக் நோய் என்றும் வலிப்புபோன்ற தசைப்பிடிப்பு நோய் என்றும் அழைத்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வொன்றில், பாதிக்கப்பட்ட ஆறு பார்டர் டெரியர்களுக்குக் குளூட்டன் இல்லாத உணவு கொடுத்துப் பல மாதங்கள் கவனித்தார்கள். தாக்குதல்கள் அடங்கின, ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் குறைந்தன. அதன் பிறகுதான் குளூட்டனால் தூண்டப்படும் அசைவுக் கோளாறு என்று இது அறியப்பட்டது.

அடுத்த முறை வரும்போது, நாய் மோதி அடிபடாதபடி சுற்றியுள்ள பொருள்களை நகர்த்திவிட்டு, கைப்பேசியில் முழுவதையும் படமெடுங்கள். பெயர் சொல்லி அழைப்பதும் அது திரும்பிப் பார்ப்பதும் படத்தில் பதியட்டும். மருத்துவருக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. உண்மையான வலிப்பும் மூளைக் கோளாறும் இல்லை என்று அவர் உறுதி செய்யும்வரை நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவேண்டாம்.

8. ரத்தப் பரிசோதனையிலோ முடியை அனுப்பியோ கண்டுபிடித்துவிட முடியாதா?

முடி, எச்சில் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளாத உணவுகளின் பட்டியல் தரும் சோதனைகளை நம்பவேண்டாம். ஆரோக்கியமான நாயின் மாதிரிக்கும் அவை ஒவ்வாமைப் பட்டியல் தருகின்றன என்பது ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. உணவு ஒவ்வாமைக்கான ரத்தச் சோதனைகளும் நம்பத்தக்கவை அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. பார்டர் டெரியரின் அசைவுக் கோளாறில், கிளையடினுக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கும் எதிரான எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை வேண்டுமென்றால் உணவை மாற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கவேண்டும். குளூட்டனை நிறுத்திச் சில வாரங்களானால் அளவு இறங்கத் தொடங்கிவிடும், முடிவு தவறாக வரும்.

9. மருத்துவரிடம் போகாமல் நானே கோதுமையை நிறுத்திப் பார்த்தால் என்ன?

நாயைப் பொறுத்தது. நல்ல சுறுசுறுப்பு, எடை குறையவில்லை, எப்போதாவது மலம் இளகுகிறது என்றால் அவசரமில்லை. ஆனால் எடை குறைதல், மலத்தில் ரத்தம் அல்லது தார்போன்ற கருமை, தொடர் வாந்தி, வயிறு உப்புதல், சோர்வு, நாய் இன்னும் குட்டியாக இருத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையில் நாளைக் கடத்தாதீர்கள். உடலிலிருந்து புரதம் குடல் வழியாக வெளியேறும் நோய் இருந்தால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அது உயிருக்கு ஆபத்து.

மற்ற நாய்களுக்கும் முதலில் மலப் பரிசோதனை செய்து ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவை இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓயாமல் தின்றும் இளைத்துக்கொண்டே போய், வெளிறிய மலத்தைக் குவியலாகக் கழிக்கும் நாய்க்குக் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமல் இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இது அதிகம். ஒரே ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், நொதிப் பொடி கொடுத்தால் நாய் தேறிவிடும். இப்படிப்பட்ட நாய்க்கு மாதக்கணக்கில் கோதுமையை நிறுத்திக் காத்திருப்பது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம். அட்ரினல் சுரப்பிக் குறைபாடான அடிசன் நோயும் வாந்தி, பேதி என்றே வந்து ஏமாற்றும்.

10. உணவை விலக்கிச் சோதிப்பதை வீட்டில் எப்படிச் செய்வது?

குளூட்டனையும் பிற உணவு ஒவ்வாமைகளையும் கண்டறிய நம்பத்தக்க வழி இதுதான் என்பதால் நேரம் எடுத்துச் சொல்கிறேன். முதலில், நாய் பிறந்ததிலிருந்து தின்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் இல்லாத ஒரே ஒரு இறைச்சியும், குளூட்டன் இல்லாத ஒரே ஒரு மாவுச்சத்தும் கொண்ட உணவு வேண்டும். அல்லது புரதத்தை எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணமுடியாத அளவுக்குச் சிறு துண்டுகளாக நொதியால் உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு வேண்டும். எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். சாதாரணக் கடை உணவுகளில், பட்டியலில் எழுதாத புரதங்கள் கலந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதனால் சோதனைக்கு மட்டுமாவது மருத்துவ உணவே மேல். பழைய உணவிலிருந்து புதியதற்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுங்கள்.

எவ்வளவு நாள்? குடல் தொல்லை மட்டும் என்றால் இரண்டு வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். தோலுக்குப் பொறுமை வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஐந்தாவது வாரத்துக்குள்ளும், 90 சதவீதத்துக்கும் மேல் எட்டாவது வாரத்துக்குள்ளும் தேறுகின்றன. மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று கைவிட்டால் அதுவரை பட்ட பாடு வீண். பார்டர் டெரியரின் அசைவுக் கோளாறுக்கு இன்னும் மாதங்கள் பிடிக்கலாம்.

சமையலறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று விஷயங்கள் போதும்: மலம் எத்தனை முறை, எவ்வளவு இளகல்; அரிப்பு பத்துக்கு எத்தனை; அன்று வாய்க்குள் போன எல்லாமும். நினைவை நம்பவேண்டாம். நேற்று சொறிந்ததைவிட இன்று குறைவா என்று கேட்டால் ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்வார்கள். வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் அவர்களை உட்காரவைத்து விளக்குங்கள். பாசத்தோடு ரகசியமாக ஊட்டப்படும் ஒரு துண்டு ரொட்டியால்தான் பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போகின்றன.

11. நடுவில் ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டியதில்லை. காகிதத்தில் நாளையும் தின்றதையும் குறித்துவிட்டுத் தொடருங்கள். அடுத்த இரண்டு வாரங்களில் அறிகுறி கூடினால் அதுவே ஒரு தகவல். எட்டு வாரம் முடியும் நேரத்தில் நடந்திருந்தால் மட்டும் முடிவை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

12. சரியாகிவிட்டது! திரும்பக் கோதுமை கொடுத்து ஏன் கஷ்டப்படுத்தவேண்டும்?

இந்தக் கட்டத்தில்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் மனம் புரிகிறது. ஆனால் புதிய உணவில் கோதுமை மட்டுமா போனது? கோழி போனது, பால் போனது, கொழுப்பின் அளவு மாறியது, நார்ச்சத்து மாறியது. எதனால் தேறியது என்று இப்போது தெரியாது. தானாகவே குணமாகியிருக்கவும் வாய்ப்புண்டு. தெரியாமலே விட்டால் அந்த நாய் வாழ்நாள் முழுவதும் தேவையற்ற கட்டுப்பாட்டில் இருக்கும், அல்லது உண்மையான காரணம் ஒருநாள் வேறு வடிவில் தட்டில் வந்துவிழும்.

அதனால் மருத்துவரின் ஒப்புதலோடு சோதனை உணவை அப்படியே வைத்துக்கொண்டு, வேகவைத்த வெறும் கோதுமையை மட்டும் அன்றாடம் சிறிது சேருங்கள். ரொட்டி வேண்டாம், அதில் பால், சோயா, முட்டை இருக்கக்கூடும். அறிகுறி திரும்பினால் அன்றே நிறுத்துங்கள், சில நாட்களில் அடங்கும். இரண்டு வாரம் கொடுத்தும் எதுவும் நடக்கவில்லையென்றால் கோதுமை குற்றவாளி அல்ல. அடுத்ததாகப் பழைய உணவிலிருந்த இறைச்சியைத் தனியாகச் சோதியுங்கள். கடுமையாக நோயுற்று மீண்ட நாய்க்கும், அசைவுக் கோளாறு உள்ள நாய்க்கும் இதைச் செய்யலாமா என்பதை மருத்துவர் மட்டுமே சொல்லவேண்டும்.

13. தானியமில்லாத உணவு வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

தானியமில்லாதது வேறு, குளூட்டன் இல்லாதது வேறு. அரிசி தானியம்தான், அதில் குளூட்டன் இல்லை. குளூட்டன் ஆகாத நாய்க்கு அரிசியை விலக்கவேண்டிய காரணமே கிடையாது.

தானியமில்லாத உணவுகளில் தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு வகைகள், உருளைக்கிழங்கு ஆகியவை அதிகம் இருக்கும். இவற்றைத் தின்ற நாய்களில் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் வந்ததாகத் தகவல்கள் வந்ததால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரிக்கை வெளியிட்டு விசாரித்தது. உணவுதான் காரணம் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. 2022 டிசம்பரில், புதிய தகவல் வந்தால் மட்டுமே இனி அறிவிப்போம் என்று அந்த அமைப்பு கூறிவிட்டது. நிரூபணமாகாத ஐயம் என்றாலும், தேவை இல்லாமல் அந்த உணவுக்கு மாறுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

14. பையின் பின்னால் மக்காச்சோளக் குளூட்டன் என்று எழுதியிருக்கிறது. கொடுக்கக் கூடாதா?

கொடுக்கலாம். மக்காச்சோளத்தின் புரதத்தையும் வணிகத்தில் அப்படி அழைக்கிறார்கள். அதில் கிளையடின் இல்லை. குளூட்டன் ஆகாத நாய்க்கு அது தொல்லை தராது, மக்காச்சோளமே ஆகாத நாய்க்கு மட்டும் தரும்.

பட்டியலில் நீங்கள் தேடவேண்டியவை: கோதுமை, கோதுமை மாவு, கோதுமைக் குளூட்டன், பார்லி, ரை, ரவை, மால்ட், பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட். தானியங்கள் என்று பெயர் சொல்லாமல் பொதுவாக எழுதியிருந்தால் வாங்கவேண்டாம். முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளைவிடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளுக்குத்தான் மதிப்பு.

15. 2007-இல் குளூட்டனால் நாய்கள் செத்தனவாமே?

காரணம் குளூட்டன் அல்ல, கலப்படம். அந்த ஆண்டு சீனாவிலிருந்து இறக்குமதியான கோதுமைக் குளூட்டனில், புரத அளவு அதிகம் என்று காட்டுவதற்காக மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். அதனோடிருந்த சயனூரிக் அமிலத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்கள் உருவாகி, வட அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் பாதிக்கப்பட்டன. மன்னிக்கமுடியாத செயல் அது. ஆனால் குளூட்டன் ஒத்துக்கொள்ளாமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

16. ஓட்ஸ் கொடுக்கலாமா?

ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை, அவெனின் என்ற வேறு புரதம்தான் உண்டு. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. சோதனைக் காலத்தில் வேண்டாம். பிறகு, குளூட்டன் இல்லாதது என்று சான்றளித்த ஓட்ஸைத் தனியாகச் சேர்த்துக் கவனியுங்கள்.

17. எதற்கு வம்பு, வீட்டிலேயே சமைத்துப் போட்டுவிடுகிறேனே?

சோதனை நடக்கும் சில வாரங்களுக்கு, வளர்ந்து முடிந்த நாய்க்கு, ஒரு இறைச்சியும் அரிசியும் மட்டும் கொடுப்பதில் பெரிய கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே தொடர்ந்தால் கால்சியம், துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாம் பற்றாக்குறையாகும். நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை 2013-இல் ஆராய்ந்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு இன்றியமையாத சத்து குறைவாக இருந்தது.

வளரும் குட்டிக்கு இது இன்னும் மோசம். எலும்பு வளையும், உடையும். வீட்டு உணவுதான் என்று முடிவு செய்தால் கால்நடை உணவியல் நிபுணரிடம் உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் கணக்கிட்ட குறிப்பை வாங்குங்கள், அதில் எழுதிய சத்துப் பொடியை ஒருநாளும் விடாதீர்கள்.

18. மனிதர்களுக்கான குளூட்டன் இல்லாத பிஸ்கட், ரொட்டி கொடுக்கலாமா?

தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த பொருள்கள் நாய்க்கு நஞ்சு. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடக்கூடும், கல்லீரல் செயலிழக்கலாம். உலர்திராட்சை, சாக்லேட், மக்கடாமியா கொட்டைகளும் ஆபத்து. நாய்க்குத் தின்பண்டம் தேவையென்றால் அதன் உணவிலிருக்கும் அதே இறைச்சியை வேகவைத்து உலர்த்தி நறுக்கிக் கொடுங்கள். கேரட் துண்டும் பரவாயில்லை, சோதனைக் காலம் முடிந்த பிறகு.

19. உணவை முழுவதும் மாற்றிவிட்டேன், ஆனாலும் விட்டுவிட்டு வருகிறது. எங்கிருந்து போகிறது?

நான் முதலில் கேட்பது மாத்திரை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றுதான். ரொட்டியில் பொதிந்தா, மருந்தை ஒளிக்க விற்கும் மென்மையான தின்பண்டத்திலா? அதில் கோதுமை இருக்கலாம். மெல்லும் வகை மாத்திரைகளிலும் சுவைக்காகச் சேர்த்த புரதங்கள் உண்டு. சுவையில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, மெல்லும் குச்சிகள், பல் தேய்க்கும் பசை, வீட்டிலுள்ள மற்ற நாய் பூனைகளின் தட்டு, மேசைக்கு அடியில் விழும் துணுக்குகள், குழந்தையின் கை, நடைப்பயிற்சியில் பொறுக்குபவை, பறவைகளுக்கு வைத்த ரொட்டித் துண்டு, பக்கத்தில் குதிரைகள் இருந்தால் அவற்றின் தீவனம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. திறந்துவைத்த உலர் உணவில் கண்ணுக்குத் தெரியாத சேமிப்புச் சிற்றுண்ணிகள் பெருகும். அவற்றுக்கு ஒவ்வாமை உள்ள நாய், உணவு ஒத்துக்கொள்ளாத நாய்போலவே சொறியும். சிறிய பையாக வாங்கி, இறுக மூடி, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

20. உறுதியாகிவிட்டது. இனி வாழ்நாள் முழுவதும் துளிகூடக் கூடாதா?

ஐரிஷ் செட்டரின் குடல்நோய்க்கும் பார்டர் டெரியரின் அசைவுக் கோளாறுக்கும் ஆம், வாழ்நாள் முழுவதும், துளிகூடக் கூடாது. கோதுமை ஒவ்வாமைக்கும் அப்படியே நடத்துவது பாதுகாப்பு. செரிமானத்தில் மட்டும் வரும் ஒத்துக்கொள்ளாமை (கேள்வி 3) என்றால் சில நாய்கள் சிறிதளவைத் தாங்கும். அந்த அளவை உங்கள் காகிதக் குறிப்புதான் காட்டும்.

மனிதர் உணவில், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால்தான் குளூட்டன் இல்லாதது என்று குறிப்பிடலாம் என்பது கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவுத் தர விதி. நாய் உணவுப் பையில் அதே சொற்களைப் பார்த்தால் இந்த அளவுக்குச் சோதித்தீர்களா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

21. இந்த நாயைக் குட்டி போடவிடலாமா?

ஐரிஷ் செட்டராக இருந்து நோய் உறுதியாகியிருந்தால் வேண்டாம். கேள்வி 6-இல் சொன்ன மரபுமுறைப்படி, அதன் பெற்றோர் இருவரும், நோய் தெரியாவிட்டாலும், குறையைச் சுமப்பவர்கள். கூடப்பிறந்தவற்றில் சிலவும் அப்படியே இருக்கக்கூடும். குட்டி வாங்கிய இடத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பார்டர் டெரியரிலும் நோய் வந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதே பொறுப்பான செயல்.

22. சீலியாக் நோய் எனக்குத்தான் இருக்கிறது. நாயின் உணவால் எனக்கு ஆபத்தா?

தொட்டால் ஒன்றும் ஆகாது, வாய்க்குள் போனால்தான் ஆபத்து. உலர் உணவை அள்ளும்போது மாவுத்தூள் பறந்து விரல்களில் ஒட்டும், தின்று முடித்த நாய் முகத்தை நக்கும். நாயின் கிண்ணத்தைத் தனிப் பஞ்சால் கழுவுங்கள், உணவு போட்டதும் கையைச் சோப்பால் கழுவுங்கள், வாயருகே நக்க விடாதீர்கள். இதற்கெல்லாம் முடியாத சிறு குழந்தைக்குச் சீலியாக் இருந்தால், நாய்க்கும் குளூட்டன் இல்லாத முழுமையான உணவு கொடுப்பது எளிய வழி. அதனால் நாய்க்கு எந்த இழப்பும் இல்லை.

23. எல்லாம் சரியாகச் செய்தும் பாதிதான் குணமானது. குளூட்டன் இல்லையென்று விட்டுவிடலாமா?

விடவேண்டாம். ஒரே நாய்க்கு இரண்டு தொல்லைகள் இருப்பது சாதாரணம். கோதுமைக்கும் தூசிச் சிற்றுண்ணிக்கும் சேர்த்து ஒவ்வாமை உள்ள நாய், கோதுமையை நிறுத்தினால் பாதிதான் தேறும். மீதிக்குத் தோல் மருத்துவம் தேவை. தெள்ளுப்பூச்சிக்கான மருந்து மாதம் தவறாமல் போகிறதா என்றும் பாருங்கள். காதிலும் தோலிலும் ஏற்கெனவே பிடித்துவிட்ட கிருமித்தொற்று உணவை மாற்றுவதால் மட்டும் போகாது, அதற்குத் தனியாக மருந்து வேண்டும்.

குடல் தொல்லை பாதியில் நின்றால் வேறு வகை உணவை ஒருமுறை முயன்று பார்க்கவேண்டும். நீடித்த குடல்நோய் உள்ள நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவை உணவு மாற்றத்துக்கே பணிகின்றன. ஆனால் முதல் உணவிலேயே எல்லாம் பணிந்துவிடுவதில்லை. மருத்துவரிடம் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குடல் பழுதானால் அது உடலில் சேராது. அது குறைவாக இருக்கும்வரை எந்த உணவு கொடுத்தாலும் நாய் முழுவதுமாகத் தேறுவது கடினம். ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோப் வழியாகக் குடலிலிருந்து சிறு துண்டெடுத்துப் பரிசோதிக்கச் சொல்லக்கூடும். அப்போது அந்தச் சுவர்க் காகிதத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.